வட்டம் வட்டமாக இருந்தாலே போதும்: ரேஸை விட்டு வந்த குதிரையோடு முதல் டிரெஸ்ஸாஜ் போட்டி

குதிரையை மைதானத்தில் சொன்ன அசைவுகளைச் செய்யவைத்து நடுவரிடம் மதிப்பெண் வாங்கும் குதிரையேற்றப் பிரிவுதான் டிரெஸ்ஸாஜ். நம் ஊரில் பலர் அந்தப் பெயரையே முதல்முறை கேட்டது 2023 செப்டம்பரில்தான். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வல்லா, ஹிருதய் சேடா, திவ்யகிரிதி சிங், சுதிப்தி ஹஜேலா நாலு பேரும் சேர்ந்து அணித் தங்கம் வாங்கினார்கள். 1982க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு வந்த முதல் தங்கம் அது. அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் அனுஷ் இறங்கியபோது, அந்தப் பிரிவில் ஒலிம்பிக் வரை போன முதல் இந்தியரும் அவர்தான். ஆனால் அவர்கள் ஏறியது ஐரோப்பாவில் இதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த குதிரைகள். நம் ரைடிங் கிளப்பில் வார இறுதியில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிண்டியிலோ பெங்களூரிலோ ரேஸ் ஓடி முடித்த தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்). இதை வைத்துக்கொண்டு போட்டிக்குப் போக முடியுமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம்.

தொடக்கநிலைத் தாளில் (செய்யவேண்டிய அசைவுகளை வரிசையாகச் சொல்லி, மதிப்பெண் போடும் தாள்) மதிப்பெண் போவது பெரும்பாலும் ரைடர் கையில் இருக்கும் விஷயங்களில்தான். வட்டம் கோணலாகிறது, நடுக்கோட்டில் குதிரை அலைகிறது, மைதான ஓரத்தில் குறித்த எழுத்துக்கு நாலு மீட்டர் தள்ளித்தான் டிராட் (மெதுவோட்டம்) வருகிறது, மூலைகளை வெட்டிக்கொண்டு போகிறோம். இவற்றைச் சரிசெய்ய பெரிய விலைக் குதிரை வேண்டாம். அளவுநாடா, பொறுமை, கொஞ்சம் கணக்கு, இவை போதும்.

முதலில் மதிப்பெண் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை போடுவார்கள், அரை மதிப்பெண்ணும் உண்டு. 10 என்றால் அபாரம், 7 என்றால் ஓரளவு நன்று, 6 திருப்தி, 5 ஏதோ ஒப்பேறும், 4 போதாது, 0 என்றால் அந்த அசைவை நீங்கள் செய்யவே இல்லை. சில அசைவுகளுக்கு இரட்டிப்பு மதிப்பெண். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி சதவீதமாக்குவார்கள். முதல் போட்டியில் 60ஐத் தாண்டினால் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். 65 நல்ல மதிப்பெண். 70 வந்தால் யாராவது கை கொடுக்க வருவார்கள். பள்ளிக்கூட நினைப்பில் 62ஐப் பார்த்து முகம் வாடும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக ஒரு தகவல்: 2014 டிசம்பரில் லண்டனில் ஷார்லட் டுஜார்டின், வாலெக்ரோ என்ற குதிரையோடு இசைக்கேற்ற பிரிவில் உலக சாதனை படைத்தபோது வாங்கியது 94.3. உச்சத்திலேயே அவ்வளவுதான் கிடைக்கும்.

இப்போது கணக்கு. மொத்தம் 200 மதிப்பெண் உள்ள தாளில் பத்து அசைவுகளில் தலா ஒரே ஒரு மதிப்பெண் கூடினால் சதவீதத்தில் 5 ஏறிவிடும். 58 வாங்குபவர் 63க்குப் போய்விடுவார். அந்த ஒரு மதிப்பெண் குதிரையின் பகட்டான டிராட்டிலிருந்து வருவதைவிட, வட்டத்தைச் சரியான அளவில் போடுவதிலிருந்து சீக்கிரமாக வரும்.

ரேஸ் குதிரைக்குத் தெரிந்ததும் தெரியாததும்

ரேஸை விட்டு வந்த குதிரைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள், அதற்கு நிறையத் தெரியும், ஆனால் எல்லாம் வேறு பாடத்திட்டம். ஜாக்கியை ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கிவிட, நடந்துகொண்டே ஏற்றிக்கொண்டு பழகியது அது. நீங்கள் ஏறுபலகை பக்கத்தில் நிறுத்தி, நிதானமாக அங்கவடியில் கால் வைத்தால், ‘இவர் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்’ என்று நகரத் தொடங்கும். அதனால் முதல் பாடமே ஏறும்போது அசையாமல் நிற்பதுதான். ஏறி உட்கார்ந்ததும் கிளம்பாதீர்கள். பத்து மூச்சு சும்மா நில்லுங்கள், கழுத்தைத் தட்டிக்கொடுங்கள், பிறகு கிளம்புங்கள். நடுக்கோட்டில் நின்று வணக்கம் சொல்லும் அசைவுக்கு இதுதான் அடித்தளம்.

இரண்டாவது விஷயம் வாய். ரேஸில் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால், பிட்டில் (வாய்க்குள் இருக்கும் கடிவாள இரும்பு) சாய்ந்து இன்னும் ஓட வேண்டும் என்று பல குதிரைகள் கற்றுக்கொண்டிருக்கும். நீங்கள் பிரேக் பிடிக்கிற நினைப்பில் இழுக்கிறீர்கள், அதற்கு அது ஆக்ஸிலரேட்டர். இழுத்துக்கொண்டே இருந்தால் இரண்டு பேரும் தோள் வலியோடு வீடு திரும்புவீர்கள். முதுகை நிமிர்த்தி, தொடையைச் சற்று மூடி, விரல்களை ஒரு நொடி இறுக்கி, உடனே விடுங்கள். கேட்கவில்லையா, மறுபடி. அந்த ‘விடுவது’தான் குதிரைக்குப் பதில், ‘சரி, நீ செய்தது புரிந்தது’ என்று நீங்கள் சொல்லும் ஒரே வழி. அரை நிறுத்தம் என்று கோச் கத்துவது இதைத்தான்.

மூன்றாவது வயிறு. ரேஸ் லாயத்தில் தானியம் அதிகம், புல் குறைவு, நாள் முழுக்கக் கொட்டடி என்று இருந்த குதிரைகளுக்கு வயிற்றுப்புண் சகஜம். வயிற்று வாரைக் கட்டும்போது காதை மடக்கிக் கடிக்க வருவது, எடை ஏறாமல் இருப்பது, தீவனத்தைப் பாதியில் விடுவது இதெல்லாம் இருந்தால் ‘திமிர்’ என்று முடிவுகட்டாமல் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல், முதுகு, குளம்பு மூன்றையும் அதே சமயத்தில் பார்த்துவிடுங்கள். கொள்ளும் ஓட்ஸும் வேலைக்குத் தகுந்த அளவு போதும், புல்லும் குதிரைமசாலும் நாள் முழுக்க வாயில் இருக்கட்டும். ரேஸ் வேலைக்குப் போட்ட தீவனத்தை வாரத்துக்கு நாலு நாள் முக்கால் மணி நேர வேலைக்கும் போட்டால், மிச்சமான சக்தி எங்கே போகும்? உங்கள் தலைக்கு மேல்தான்.

வந்த உடனே சேணம் போட வேண்டாம். சில மாதம் சும்மா விட்டு, உடம்பும் மனசும் இறங்கிய பிறகு தொடங்கினால் பின்னால் நேரம் மிச்சம். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மைதானத்தை நீங்களே அளந்து போடுங்கள்

தொடக்கநிலைப் போட்டிகள் 20×40 மீட்டரில் நடக்கும், அதற்கு மேலே 20×60. கிளப்பில் இருக்கும் மைதானம் ‘ஏறக்குறைய’ அந்த அளவு என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். நாடாவை எடுத்து அளந்து, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு, பழைய டயரோ பெயின்ட் டப்பாவோ வைத்து எழுத்துகளை ஒட்டுங்கள். நாலு பக்கமும் அளவு சரியாக இருந்தும் மொத்தமும் சாய்ந்து போயிருக்கலாம், அதனால் மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். 20×40க்கு இரண்டு மூலைவிட்டமும் 44.7 மீட்டர் வந்தால் மூலைகள் செங்கோணம்.

நுழைவாயில் ஏ. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் கே, ஈ, எச், சி, எம், பி, எஃப். நடுவர் சி பக்கம் உட்கார்ந்திருப்பார். ஏ வழியாக உள்ளே போகும்போது கே உங்கள் இடது கை, எஃப் வலது கை. மூலையை ஒட்டிய நாலு எழுத்தும் (கே, எச், எம், எஃப்) குறுக்குச் சுவரிலிருந்து (20 மீட்டர் பக்கம்) 6 மீட்டரில். ஈயும் பியும் நீளப் பக்கத்தின் நட்டநடுவில். மையத்தில் எக்ஸ், அதற்குப் பலகை கிடையாது, ஈயும் பியும் சேரும் கோட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது 20 மீட்டர் வட்டம், எல்லாரும் தப்புச் செய்யும் இடம். ஏயில் தொடங்கும் வட்டம் நாலே இடத்தில் கோட்டைத் தொட வேண்டும்: ஏ, ஒரு நீளப் பக்கத்தில் குறுக்குச் சுவரிலிருந்து 10 மீட்டரில் ஒரு புள்ளி, எக்ஸ், மறுபக்கத்தில் அதே 10 மீட்டர் புள்ளி. கே 6 மீட்டரில் இருப்பதால் தொடவேண்டிய புள்ளி கேயைத் தாண்டி 4 மீட்டர். கேயிலேயே சுவரைத் தொட்டுவிட்டால் நீங்கள் மூலைக்குள் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், நடுவருக்கு அது பளிச்சென்று தெரியும். ஈயிலோ பியிலோ போடும் வட்டம் மைதானத்தின் நடுவில் இருக்கும், சுவரைத் தொடுவது ஈ, பி இரண்டே இடத்தில், நடுக்கோட்டை வெட்டுவது ஏயிலிருந்து 10 மீட்டரிலும் சியிலிருந்து 10 மீட்டரிலும். இங்கே சுவரின் துணையே இல்லாததால் வட்டம் பிதுங்கி நீளும். 20×60 மைதானத்தில் ஏ வட்டம் எக்ஸ் வரை வராது, 20 மீட்டரோடு நின்றுவிடும், பழக்கதோஷத்தில் எக்ஸைத் தேடிப் போனால் வட்டம் 30 மீட்டர் நீள முட்டையாகிவிடும்.

அந்த நாலு புள்ளியிலும் இரண்டிரண்டு கூம்பு வைத்து, நடுவே குதிரை போகும் அளவு இடம் விட்டு, டிராட்டில் சுற்றுங்கள். ஒவ்வொரு கால் வட்டத்துக்கும் எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டே போங்கள், நாலு காலிலும் ஒரே எண்ணிக்கை வரும்வரை விடாதீர்கள். வாசல் பக்கம் போகும்போது எண்ணிக்கை குறையும், ஏனென்றால் லாயத்தைப் பார்த்ததும் குதிரை எட்டை நீட்டும். திரும்பி வரும்போது கூடும். இதைச் சமன் செய்யத் தொடங்கினால் உங்களை அறியாமலே வட்டத்தின் உட்பக்கக் கால், வெளிப்பக்க வார், அரை நிறுத்தம் எல்லாம் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். பிறகு கூம்புகளை எடுத்துவிட்டு, வட்டம் போட்ட பின் இறங்கி மணலில் உங்கள் தடத்தை நீங்களே நடந்து பாருங்கள். கொஞ்சம் அவமானமாக இருக்கும், பரவாயில்லை.

தாளம்

ஜெர்மன்காரர்கள் வகுத்த பயிற்சிப் படிக்கட்டில் முதல் படி தாளம், அப்புறம் இளக்கம், கடிவாளத் தொடர்பு, உந்துவிசை, நேர்த்தன்மை, கடைசியாகத்தான் குவிப்பு (எடையைப் பின்கால்களுக்கு மாற்றிக்கொண்டு போவது). தலையைக் குனிந்து கழுத்தை வளைத்த படங்களைப் பார்த்துவிட்டு நேராக மூன்றாவது படியில் கை வைக்கிறார்கள் பலர், குதிரையின் வாயை அறுக்கிறார்கள். தொடக்கநிலையில் நடுவர் தேடுவது ஒரே சீரான தாளத்தை, அதோடு அமைதியான, உயிருள்ள தொடர்பை. அவ்வளவுதான்.

நடை நாலு தட்டு, டிராட் இரண்டு, கேன்டர் (டிராட்டைவிட வேகமான பாய்ச்சல்) மூன்று. எண்களைச் சொல்லி எண்ணினால் எனக்கு மூச்சு வாங்கும், அதனால் சொற்கட்டில்தான் எண்ணுவேன்: நடைக்கு தகதிமி, டிராட்டுக்கு தக தக, கேன்டருக்கு தகிட என்று சொல்லி ஒரு சின்ன இடைவெளி (அங்கேதான் நாலு காலும் தரையை விட்டு எழும்). வாய்விட்டுச் சொன்னால் நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ள மாட்டீர்கள். தகதிமியின் நாலு தட்டும் சம இடைவெளியில் வரவேண்டும். பதற்றமான குதிரை ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்தே நகர்த்தத் தொடங்கும், அப்போது ‘தக..திமி’ என்று இரண்டு இரண்டாகப் பிளந்து கேட்கும். இது நடைக்குப் பெரிய குறை, மதிப்பெண் சடாரென்று விழும். சிமெண்ட் தரையில் நடத்திக் காதால் கேட்டுப் பழகுங்கள், காது தேறினால் பிறகு இடுப்பே சொல்லிவிடும்.

தரோபிரெட்டின் டிராட் சாதாரணமாகவே வேகமாக, சின்னச் சின்ன எட்டாக இருக்கும். அதை மெதுவாக்கக் கையால் இழுக்காமல், சேணத்தில் எழுந்து உட்காரும் உங்கள் அசைவை மெதுவாக்குங்கள். குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னே போகும்போது எழுந்து, உட்கார்வதைச் சற்றே தாமதப்படுத்தினால் குதிரை உங்கள் தாளத்துக்கு வந்து சேரும். தொடக்கநிலைத் தாள்களில் எழுந்து உட்காரும் டிராட்டுக்கு அனுமதி உண்டு, முதுகு தேறாத குதிரையில் உட்கார்ந்தே ஓட்டி வீரம் காட்டவேண்டியதில்லை.

நடுக்கோடும் நிறுத்தமும்

ஒரு தாளில் நடுக்கோடு பெரும்பாலும் இரண்டு முறை வரும், உள்ளே வரும்போதும் முடிக்கும்போதும். இதற்குப் பணமும் வேண்டாம், திறமையான குதிரையும் வேண்டாம், ஆனாலும் வாரத்தில் ஒருமுறைகூட இதைப் பயிற்சி செய்யாதவர்கள்தான் அதிகம். ஏயிலிருந்து கோட்டுக்குத் திரும்புவது 10 மீட்டர் வட்டத்தின் பாதி போல இருக்கவேண்டும். தாமதமாகத் திரும்பினால் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்ப வருவீர்கள், அது நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவருக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்கும் தெரியாது. திரும்பியதும் கண் சி மேல் இருக்கட்டும். குதிரையின் காதுகளுக்கு நடுவே நடுவரைப் பாருங்கள். அலைகிறது என்று தோன்றினால் கையால் இடம் வலம் திருத்தாமல், இரண்டு காலாலும் சற்று முன்னே அனுப்புங்கள், போகிற குதிரைதான் நேராகப் போகும்.

நிறுத்தத்துக்கு நாலைந்து எட்டு முன்னாலேயே தயாராகுங்கள். தொடக்கநிலைத் தாள்களில் டிராட்டிலிருந்து சில நடை எட்டு போட்டு நிற்க அனுமதி இருக்கும், தாளில் எழுதியிருப்பதைப் பாருங்கள். நின்றதும் மூன்று நொடி அசையாமல் இருக்கவேண்டும். வார்களை ஒரு கையில் பிடித்து, மறு கையைத் தொடையோரம் தொங்கவிட்டு, தலையை வணங்கி, நிமிர்ந்து, வார்களைப் பிரித்துப் பிடித்து, அப்புறம் கிளம்புங்கள். எல்லாரும் இதை ரயில் பிடிக்கிற அவசரத்தில் செய்கிறார்கள்.

முடிந்தால் ஏதாவது ஒரு போட்டியில் நடுவருக்கு எழுத்தராக உட்காருங்கள். ஆள் கிடைக்காமல் அமைப்பாளர்கள் தவிப்பார்கள், கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். நடுவர் ஒரு எண் சொல்வார், கூடவே மூன்று நாலு வார்த்தை, அதை எழுதி முடிப்பதற்குள் அடுத்த அசைவு தொடங்கிவிடும். குதிரை எக்ஸில் நிற்கிறது, முன்கால் இரண்டும் சேர்ந்திருக்கிறது, கழுத்து அழகாக இருக்கிறது, நீங்கள் 7 என்று நினைக்கிறீர்கள், நடுவர் ‘ஐந்தரை, இடது பின்கால் வெளியே’ என்கிறார். பார்த்தால் அந்த ஒரு கால் மட்டும் அரையடி பின்னால் தங்கியிருக்கிறது. ஒரு காலைப் பொழுது அப்படி உட்கார்ந்தால், மாதக்கணக்கில் கோச் சொல்லியும் ஏறாத விஷயம் ஏறிவிடும்.

நீள வாரில் நடை: கிடைக்கிற மதிப்பெண்ணை விடாதீர்கள்

பல தாள்களில் இதற்கு இரட்டிப்பு மதிப்பெண். மூலைவிட்டத்தில் போகும்போது விரல்களைத் திறந்து வாரைக் கொஞ்சம் கொஞ்சமாக வழுகவிடவேண்டும், குதிரை மூக்கை முன்னேயும் கீழேயும் நீட்டி, வாரைத் தேடி எடுத்துக்கொண்டு போகவேண்டும். நல்ல நடையில் பின்குளம்பின் தடம் முன்குளம்பு வைத்த இடத்தைத் தாண்டி விழும், மணலைச் சமன் செய்துவிட்டு நடத்தினால் நீங்களே பார்க்கலாம். தரோபிரெட்டுகளில் பலவற்றுக்கு நடை பிறவியிலேயே நன்றாக இருக்கும், இங்கே விலையுயர்ந்த குதிரைகளைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு.

ஆனால் வாரை மறுபடி எடுக்கும் இடத்தில்தான் எல்லாம் கெடும். ரேஸ் குதிரைக்கு வார் குறுகினால் ‘கிளம்பு’ என்று அர்த்தம், உடனே துள்ளி டிராட்டுக்குப் போகும். அதனால் தினமும் சவாரி முடிவில் பத்து தடவை வாரை விட்டு எடுங்கள், எடுத்த பிறகு ஒன்றும் கேட்காதீர்கள், மறுபடி விட்டுவிடுங்கள். வாரை எடுப்பது ஒரு செய்தியே இல்லை என்று அதற்கு ஆகிவிட வேண்டும்.

கேன்டரைப் பற்றிச் சுருக்கமாக. மூலைக்குள் கேளுங்கள், வளைவே சரியான காலில் (உட்பக்க முன்கால் முன்னே நீளும்படி) எடுக்க உதவும். தவறான காலில் எடுத்தால் பதறாமல் டிராட்டுக்கு வந்து மறுபடி கேளுங்கள், போவது அந்த ஒரு அசைவின் மதிப்பெண்தான். தவறான காலிலேயே முழு வட்டம் போனால் இரண்டு மூன்று அசைவு போகும். எடுத்ததும் பாய்கிற குதிரையோடு வட்டத்திலேயே இருங்கள், நேர்ப்பக்கத்தில் இழுபறி வேண்டாம்.

வார வேலை

வாரத்தில் நாலு அல்லது ஐந்து நாள், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். அதில் ஒரு நாள் மைதானத்துக்கு வெளியே நடை, ஒரு நாள் தரையில் கம்பு போட்டு டிராட், மிச்ச நாட்களில் வட்டமும் மாற்றங்களும். மாற்றம் என்றால் நடையிலிருந்து டிராட், டிராட்டிலிருந்து நடை, வட்டத்தின் ஒவ்வொரு கால் பாகத்துக்கும் ஒன்று. பரபரப்பான குதிரைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை, இருபது நிமிடத்தில் காது உங்கள் பக்கம் திரும்பிவிடும். முழுத் தாளையும் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், குதிரை மனப்பாடம் செய்துகொண்டு நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே திரும்பும். துண்டு துண்டாகப் பழகுங்கள், முழுசாக மனசுக்குள் ஓட்டுங்கள், வீட்டு ஹாலில் நடந்தே ஓட்டுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சென்னை மாதிரி ஊரில் வெயில் காலத்தில் காலை ஏழரைக்குள் சவாரியை முடித்துவிடுங்கள். வெயிலைவிட காற்றின் ஈரம்தான் ஆபத்து, வியர்வை காயாததால் உடம்பு ஆறாது. இறங்கியதும் தண்ணீர் ஊற்றி, வழித்து எடுத்து, மறுபடி ஊற்றுங்கள், மூச்சு சீராகும்வரை நிழலில் நடத்துங்கள். உப்பு நாள் தவறாமல் கொடுக்க வேண்டும்.

காகிதமும் உடையும்

போட்டிக்கு முன் தடுப்பூசிப் பதிவு, கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற இரத்தப் பரிசோதனைச் சான்று கேட்கக்கூடும். அந்தப் பரிசோதனைக்கு ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்தான் தலைமை ஆய்வகம். முடிவு வர நாளாகலாம் என்பதால் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

உடைக்காகக் கடன் வாங்க வேண்டாம். தரச்சான்று உள்ள ஹெல்மெட், வெளிர்நிறக் கால்சட்டை, பூட்ஸ், கையுறை, சுத்தமான கோட், இவ்வளவுதான். பழைய படங்களில் வரும் உயரத் தொப்பியைச் சர்வதேசப் போட்டிகளிலேயே 2021 முதல் நிறுத்திவிட்டார்கள், இப்போது எல்லாருக்கும் ஹெல்மெட்தான். தொடக்கநிலையில் பிட் என்றால் சாதாரண ஸ்னாஃபில் மட்டும், மார்ட்டிங்கேல் போன்ற துணை வார்கள் கூடாது. சவுக்கின் நீளத்துக்கும் வரம்பு இருக்கும், உங்கள் போட்டியின் விதித்தாளைப் பாருங்கள். பிடரி பின்னுவது கட்டாயமில்லை, ஆனால் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணனுக்குப் பின்னத் தெரிந்தால் பின்னிவிடச் சொல்லுங்கள், குதிரைக்கு அழகு.

போட்டி நாள்

ஒலிபெருக்கி, கூட்டம், பின்னால் ஓடிவரும் குளம்புச் சத்தம், இந்த மூன்றும் சேர்ந்தால் பழைய ரேஸ் குதிரைக்கு ‘இன்று ரேஸ்’ என்று தோன்றும். வீட்டில் பூனையாக இருந்தது இங்கே இரண்டு கையும் பிடிக்க முடியாமல் ஆடும். அதனால் முதல் முறை பெயர் கொடுக்காமல், குதிரையை ஏற்றிக்கொண்டு போய், கையில் பிடித்து நடத்தி, புல் மேயவிட்டு, திரும்பக் கூட்டி வந்துவிடுங்கள். லாரிச் செலவு வீண் என்று தோன்றும். வீணில்லை. தூர ஊர் என்றால் முந்தைய நாளே போய்ச் சேருங்கள், வழியில் தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள்.

தயார்ப்படுத்தும் மைதானத்தில் எதிரே வருபவரோடு இடது கைக்கு இடது கை என்று விலகிப் போவார்கள். நடையில் போகிறவர்கள் உள்ளே ஒதுங்கி, வேகமாகப் போகிறவர்களுக்குச் சுவரோரத்தை விட்டுவிட வேண்டும். யாராவது மிரளும் குதிரையோடு போராடினால் பக்கத்தில் போகாதீர்கள். அரைமணி நேரம் போதும் பலருக்கு, சூடான குதிரைக்கு நீண்ட நடை கூடுதலாக வேண்டும். அங்கே புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முயலவேண்டாம். பிறகு, மிக முக்கியம், காலில் கட்டிய பட்டையும் பூட்ஸும் உள்ளே போகும் முன் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கென்றே ஒரு ஆளை வாசலில் நிறுத்துங்கள், பதற்றத்தில் உங்களுக்கு நினைவு இருக்காது.

மைதானத்தைச் சுற்றி வெளியே நடத்துங்கள், நடுவர் உட்கார்ந்த மேசை, பூந்தொட்டி, எழுத்துப் பலகை எல்லாவற்றையும் இரண்டு கண்ணாலும் பார்க்கவிடுங்கள். மணி அடித்ததும் பாய வேண்டாம், பெரும்பாலும் 45 நொடி இருக்கும், ஒரு நல்ல வளைவு எடுத்து ஏக்கு வர அது தாராளம்.

உள்ளே போனபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். நாக்கால் ‘ட்ச் ட்ச்’ என்று அதட்டுவதும் பேசுவதும் மதிப்பெண்ணைத் தின்னும், இது நம்மூர்ப் பழக்கத்தில் தானாக வருவது. வழி மறந்து தப்பாகத் திரும்பினால் மணி அடிக்கும். நில்லுங்கள், நடுவர் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று சொல்வார், அங்கிருந்து தொடருங்கள். பல விதிப்புத்தகங்களில் முதல் பிழைக்கு 2 மதிப்பெண், இரண்டாவதுக்கு 4, மூன்றாவதில் வெளியே. ஒரு பிழை என்பது ஒரு நிறுத்தம் சொதப்பியதைவிடப் பெரிய இழப்பில்லை. தாளை வெளியிலிருந்து வாசிக்க ஆள் வைக்க அனுமதி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காற்றடித்தால் காதில் விழாது, அதனால் மனப்பாடமும் இருக்கட்டும். நாலு காலும் எல்லைக்கு வெளியே போனாலோ, நீங்கள் விழுந்தாலோ அன்றைய ஆட்டம் முடிந்தது.

ஒரு அசைவு கெட்டால் அதைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் அடுத்ததும் கெடும். ஒவ்வொரு அசைவுக்கும் தனி மதிப்பெண் என்பதே இந்த விளையாட்டில் நமக்குச் சாதகம். மூலை வந்தால் மூலையை ஓட்டுங்கள், நிமிர்ந்து மூச்சு விடுங்கள், அடுத்த எழுத்தைப் பாருங்கள். அசைவுகளுக்கு நடுவே தயாராக உங்களுக்குக் கிடைக்கும் இடமே மூலைதான், அதை வெட்டினால் அந்த அவகாசம் போய்விடும்.

தாள் கையில் வந்ததும்

சதவீதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, 5க்குக் கீழே வந்த அசைவுகளை மட்டும் கோடிடுங்கள். அவற்றுக்கு எதிரே எழுதியிருப்பதைப் படித்தால் பெரும்பாலும் இரண்டே காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். ‘வட்டம் பெரிது’, ‘எழுத்தில் இல்லை’ என்றால் கூம்புகளுக்குத் திரும்புங்கள். ‘கடிவாளத்தை எதிர்க்கிறது’, ‘அவசரம்’ என்றால் மாற்றங்களுக்கும் வாரை விட்டு எடுக்கும் பயிற்சிக்கும். இரண்டு நடுவர்கள் வெவ்வேறு போட்டியில் ஒரே குறையைச் சொன்னால் விவாதிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். யாராவது வீடியோ எடுத்திருந்தால் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், 4 என்று கோபம் வந்த இடம் பார்க்கும்போது 4ஆகவேதான் இருக்கும்.

குதிரைக்கு மறுநாள் வேலை கிடையாது. காலில் வீக்கம், சூடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், அரை மணி நேரம் கையில் பிடித்து நடத்தினால் போதும். அடுத்த நிலைக்கு எப்போது போகலாம் என்று கேட்பார்கள். வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நடுவரிடம், இரண்டு மூன்று முறை 65ஐ ஒட்டி வந்துவிட்டால் போகலாம். அதுவரை அதே தாளில் இருங்கள், பக்கத்துக் கொட்டடிக்காரர் மேலே போய்விட்டார் என்பதற்காக நீங்களும் என்ட்ரி கொடுக்காதீர்கள்.